மாட்டேன் என்பதும் முடியாது என்பதும்: பிலிப்பைன்ஸ் குடும்பச் சட்டம் 36-ஆம் பிரிவு, ஒரு வழக்கு ஆய்வு

குழந்தை பிறந்த நாள். தாய்க்கு முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே இன்னும் மரத்துப் போய்த்தான் இருக்கிறது, அவரால் அசைய முடியவில்லை. அந்த நேரத்தில் கணவர் கிளம்பிப் போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்தது ஆஸ்பத்திரி அறையில் படுத்துத் தூங்குவதற்கு.

பிலிப்பைன்ஸ் நீதிமன்றத்தில் அந்த மனைவி சொன்ன பல சம்பவங்களில் இது ஒன்று. இது மட்டும் என்றால் யாரும் பொறுப்பில்லாத மனுஷன் என்று திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் அவர் சொன்னது நான்கு ஆண்டுக் கதை. எங்கே போகிறேன் என்று சொல்லாமல் பல நாட்கள் காணாமல் போவது. திரும்பி வந்தால் வெளியே தலைகாட்டாமல் நாள்கணக்கில் தூங்குவது. நள்ளிரவில் திடீரென்று சுறுசுறுப்பாகிவிடுவது. காரணம் போதைப்பொருள். கல்யாணத்துக்கு முன்பே மனைவி தன் உழைப்பில் தொடங்கியிருந்த கட்டுமான நிறுவனத்தின் பணமும் அந்தப் பழக்கத்துக்கே போய், கடைசியில் நஷ்டத்தில் நிறுவனத்தை மூடும்படி ஆயிற்று என்றார்.

இந்த வழக்குக்கு 'டான்-அண்டால் எதிர் அண்டால்' என்று பெயர், பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றப் பதிவேட்டில் ஜி.ஆர். எண் 196359. தீர்ப்புத் தேதி 2021 மே 11. வழக்கின் பெயரிலேயே குடும்பப் பெயர் இருப்பதால் அதைத் தவிர்க்க முடியவில்லை. மற்றபடி மனைவி, கணவர், மகள் என்றே எழுதுகிறேன். அவர்களுடைய சொந்த வாழ்க்கை ஏற்கெனவே போதுமான அளவு தாளில் ஏறிவிட்டது.

மாட்டேன் என்கிற ஒருவருக்கும் முடியாத ஒருவருக்கும் உள்ள வேறுபாட்டை நீதிமன்றம் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் வழக்கின் கேள்வி. தமிழில் இது ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. இன்று 'மாட்டேன்' என்றால் மறுப்பு. பழைய தமிழில் 'மாட்டாமை' என்றால் இயலாமை. மொழியில் எப்போதோ கலந்துபோன இந்த இரண்டையும், பிலிப்பைன்ஸ் நீதிபதிகள் 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

விவாகரத்து இல்லாத நாட்டில்

வாடிகனை விட்டால் விவாகரத்துச் சட்டம் இல்லாத ஒரே நாடு பிலிப்பைன்ஸ். என்றைக்குமே இல்லாமல் இருந்ததில்லை. அமெரிக்க ஆட்சியில் 1917-இல் வந்த 2710-ஆம் எண் சட்டம் விவாகரத்தை அனுமதித்தது, ஆனால் துணையின் பிறழ் உறவு குற்றமாக நிரூபணமானால்தான். ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது 1943-இல் காரணங்களின் பட்டியல் நீண்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்டத் தொகுப்பு அந்தக் கதவை மூடியது. முஸ்லிம்களுக்கு மட்டும் 1977-இன் 1083-ஆம் ஆணைப்படி விவாகரத்து உண்டு. அயல்நாட்டுத் துணை வெளிநாட்டில் விவாகரத்து வாங்கினால், பிலிப்பைன்ஸ் துணைக்கும் மறுமணம் செய்யும் வழி இருக்கிறது. மீதிப் பேருக்கு நீதிமுறைப் பிரிவு கிடைக்கும். தனித்தனியாக வாழலாம், சொத்தைப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் சாகும்வரை கணவன் மனைவிதான்.

1980-களில் குடும்பச் சட்டத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்த குழு, விவாகரத்தைக் கொண்டுவராமலே ஏதாவது ஒரு வழி திறக்க முடியுமா என்று பார்த்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1095-ஆம் விதியின் மூன்றாம் பகுதி கண்ணில் பட்டது. உளவியல் இயல்புடைய காரணங்களால் திருமணத்தின் அடிப்படைக் கடமைகளை ஏற்க இயலாதவர் செய்துகொண்ட திருமணம் செல்லாது என்பது அந்த விதி. திருச்சபையே ஒப்புக்கொண்ட காரணம் என்பதால் எதிர்ப்பும் இருக்காது. அதிபர் கொராசோன் அக்கினோ 1987 ஜூலையில் கையெழுத்திட்டு, 1988 ஆகஸ்ட் 3 முதல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டத்தில் அது 36-ஆம் பிரிவு ஆனது.

பிரிவு சின்னதுதான். திருமணம் நடக்கும் நேரத்தில் அதன் அடிப்படைக் கடமைகளை நிறைவேற்றும் உளவியல் திறன் இல்லாதவர் செய்துகொண்ட திருமணம் தொடக்கம் முதலே செல்லாது, அந்த இயலாமை பிற்பாடு வெளிப்பட்டாலும் சரி. எது உளவியல் இயலாமை என்று பிரிவில் விளக்கம் இல்லை. விட்டுப்போனதல்ல, குழு வேண்டுமென்றே விட்டது. உதாரணம் கொடுத்தால் நீதிமன்றங்கள் அந்த உதாரணத்தையே பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடும் என்ற பயம். மனநலக் குறைபாடு என்று எழுதாமல் உளவியல் என்று எழுதியதும் யோசித்துச் செய்ததே. பைத்தியம் பிடித்தவருடைய திருமணத்துக்கு வேறு பிரிவு இருக்கிறது. இவர்கள் நினைத்தது, அலுவலகம் போய் வந்து, நாலு பேரிடம் நன்றாகப் பேசிச் சிரித்துப் பழகுகிற, ஆனால் ஒரு துணையோடு வாழத் தெரியாத ஆளை.

அந்தப் பயம் சரியாகத்தான் இருந்தது. உதாரணம் இல்லாத இடத்தை நீதிமன்றம் நிபந்தனைகளால் நிரப்பியது.

கதவு திறந்ததும் பூட்டு வந்த கதை

1995 ஜனவரியில் முதல் பெரிய தீர்ப்பு, சாந்தோஸ் வழக்கு. மனைவி நர்ஸ். 1988-இல் அமெரிக்கா போனார். ஏழு மாதம் கழித்து ஒரு போன் வந்தது, அதற்கப்புறம் ஆள் வரவில்லை. கணவரால் அவரைக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. மனு தோற்றது. உச்ச நீதிமன்றம் மூன்று அடையாளங்களைக் கேட்டது: இயலாமை கடுமையாக இருக்க வேண்டும், திருமணத்துக்கு முன்பே வேர்விட்டிருக்க வேண்டும், தீர்க்க முடியாததாக இருக்க வேண்டும். ஒருவர் வீட்டை விட்டுப் போனதாலேயே அவருக்குக் குடும்பம் நடத்தத் திறனில்லை என்று ஆகிவிடாது என்பது நீதிமன்றத்தின் வாதம். வாதமாகச் சரிதான். ஆனால் அந்தக் கணவர் ஊரில் இல்லாத மனைவியோடு சட்டப்படி குடும்பஸ்தராகவே இருந்தார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1997 பிப்ரவரி 13-இல், மோலினா தீர்ப்பு. இந்தப் பிரிவின் பெயரில் உலகத்திலேயே மிகத் தாராளமான விவாகரத்து நடக்கிறது என்று அரசின் தலைமை வழக்கறிஞர் முறையிட்டார். நீதிபதி ஆர்டெமியோ பங்கனிபன் எழுதிய தீர்ப்பு எட்டு வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. அதில் ஒன்றுதான் பிற்பாடு எல்லாரையும் படுத்தியெடுத்தது: இயலாமையின் மூல காரணம் மருத்துவ ரீதியாக அடையாளம் காணப்பட வேண்டும், மனுவில் அதைச் சொல்ல வேண்டும், நிபுணர்களை வைத்து நிரூபிக்க வேண்டும், தீர்ப்பிலும் விளக்க வேண்டும். கூடவே, திருச்சபைத் தீர்ப்பாயத்தின் விளக்கங்களுக்கு மிகுந்த மதிப்பளிக்க வேண்டும் என்றும் சொன்னது.

பிரிவில் இல்லாத மருத்துவர் இப்படித்தான் நீதிமன்றத்துக்குள் வந்தார். அப்புறம் அவர் போகவே இல்லை. பிரிய விரும்பும் தம்பதியில் ஒருவர் மேல் நோயின் பெயர் விழுந்தாக வேண்டும். மனநல மருத்துவர்கள் சிகிச்சைக்காக வைத்திருக்கும் பட்டியலிலிருந்து நார்சிசம் என்கிற தன்மோகம், சமூகவிரோத ஆளுமை, சார்பு ஆளுமை என்று ஏதோ ஒன்றை எடுத்து, மனுதாரரின் வழக்கறிஞர் ஒட்டியாக வேண்டும். மருத்துவர் கட்டணம், வழக்குச் செலவு எல்லாம் சேர்த்தால் லட்சக்கணக்கான பெசோ. கூலி வேலை செய்கிற பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்திருந்தும் மூடியிருந்தும் ஒன்றுதான்.

இன்னொரு கொடுமையும் உண்டு. இரண்டு பேரும் ஒத்துப்போய்ப் பிரியலாம் என்றால் அதுவே சந்தேகத்துக்கு இடம். ஒப்புதலை வைத்துத் தீர்ப்பு எழுத 48-ஆம் பிரிவு விடாது. இருவரும் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்களா என்று அரசு வழக்கறிஞர் விசாரிக்க வேண்டும். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தாலும் அரசே மேல்முறையீட்டுக்குப் போகலாம். சண்டை போட்டாலும் கஷ்டம், சமாதானமாகப் போனாலும் கஷ்டம்.

நடுவில் நீதிமன்றத்துக்கே மனம் உறுத்தியிருக்கிறது. மருத்துவர் எதிர்த்தரப்பை நேரில் பரிசோதித்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று 2000-இல் சொன்னது. நிபுணர் கருத்தை மனுவிலேயே சொல்லத் தேவையில்லை என்று 2003-இல் வந்த நடைமுறை விதி சொன்னது. 2009-இல், மோலினா வந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே பிப்ரவரி 13-இல், மோலினா விதிகள் எல்லா வழக்கையும் ஒரே இறுக்கமான சட்டைக்குள் திணித்துவிட்டன என்று எழுதியது. ஒரு வழக்கை 2011-இல் தள்ளுபடி செய்து, அதையே 2015-இல் மறுபரிசீலனையில் அனுமதித்தது. ஆனாலும் மோலினாவை யாரும் எடுத்துப் போடவில்லை. கீழ் நீதிமன்றங்களில் அந்த எட்டு வழிகாட்டுதல்களும் பழையபடி ஓடிக்கொண்டிருந்தன.

ரெஹாப் மையத்தில் எழுதிய தாள்

நம் வழக்குக்கு வருவோம். கல்யாணம் 1995 டிசம்பரில் மகாட்டியில், தேவாலயத்தில். அடுத்த ஆண்டு மகள். கணவரைப் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். சிகிச்சை முடியும் முன்பே வெளியே வந்துவிட்டார். 2000-ஆம் ஆண்டோடு இருவரும் பிரிந்துவிட்டார்கள். மகள் தன்னிடம் வர வேண்டும் என்று கணவர் வழக்குப் போட்டார். 2003 ஆகஸ்டில் மனைவி திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரி பரன்யாக்கே நகர நீதிமன்றத்தில் மனு போட்டார். இரண்டு வழக்கும் சேர்த்து விசாரிக்கப்பட்டன.

மனைவியின் பக்கத்தில் ஒரு மனநல மருத்துவர் சாட்சி சொன்னார். மனைவியிடமும் மகளிடமும் மனைவியின் சகோதரியிடமும் பேசியிருக்கிறார். கணவரிடம் நேரில் பேசவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த இன்னொன்றுதான் இந்த வழக்கின் உயிர்நாடி என்று எனக்குத் தோன்றுகிறது: மறுவாழ்வு மையத்தில் இருந்தபோது கணவர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த வாழ்க்கை வரலாறு. நோயாளி சேரும்போது எழுதச் சொல்வார்களே, அந்த மாதிரி. நீதிமன்றத்துக்காக எழுதியதல்ல, மனைவிக்கு எதிராகவோ ஆதரவாகவோ எழுதியதும் அல்ல. குடும்ப வழக்குகளில் இப்படிப்பட்ட தாள் அபூர்வம். பொதுவாக அங்கே வருகிற ஒவ்வொரு அஃபிடவிட்டும் சண்டை தொடங்கிய பிறகு எழுதப்பட்டது. அதில் வாசகம் வக்கீலுடையது, கோபம் கட்சிக்காரருடையது. இந்தத் தாளோ சண்டைக்கு முந்தியது.

இவற்றை வைத்து மருத்துவர், கணவருக்கு நார்சிசமும் சமூகவிரோதப் போக்கும் கலந்த ஆளுமைக் கோளாறு, கூடவே போதைப் பழக்கத்தால் வந்த பாதிப்பு என்று கருத்துச் சொன்னார். 2007 மே மாதம் விசாரணை நீதிமன்றம் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்து, மகளை மனைவியிடம் ஒப்படைத்தது. கணவர் மேல்முறையீடு செய்தார். 2010 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஆளைப் பார்க்காமல் நோயின் பெயர் சொன்னது அறிவியல் ஆகாது, நம்பத்தக்கதும் ஆகாது என்பது காரணம்.

இதைத்தான் மோலினா விதைத்தது என்று நான் நினைக்கிறேன். கேள்வி, இந்த மனிதர் கணவராக இருக்க முடிந்தவரா என்பது. அதற்கு வீட்டுக்குள் பத்துச் சாட்சி இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் வீட்டைப் பார்க்காமல் டாக்டரின் முறையைப் பார்த்தது. டாக்டர் சீட்டில் குறை கண்டுபிடித்ததும், ஆஸ்பத்திரிக் கட்டிலும் மூடிய நிறுவனமும் எல்லாமே வழக்கிலிருந்து மறைந்துவிட்டன. மேல்முறையீட்டு நீதிபதிகள் மேல் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நிபுணரைக் கொண்டு வா என்று சட்டம் சொன்னால், வந்த நிபுணரைச் சோதிப்பதுதானே அவர்கள் வேலை.

2021 மே 11

வழக்கு உச்ச நீதிமன்றத்தில் பத்து ஆண்டு கிடந்தது. கடைசியில் எல்லா நீதிபதிகளும் சேர்ந்த முழு அமர்வுக்கு வந்தது. தீர்ப்பை நீதிபதி மார்விக் லியோனன் எழுதினார். பலர் தனித்தனியாக இசைவுக் கருத்துகள் எழுதினார்கள், ஆனால் முடிவு ஒருமனதானது.

மையமான வரி இதுதான்: உளவியல் இயலாமை என்பது மனநலக் குறைபாடும் அல்ல, நிபுணர் வந்து நிரூபிக்க வேண்டிய ஆளுமைக் கோளாறும் அல்ல. அது ஒரு சட்டக் கருத்து, மருத்துவக் கருத்து இல்லை. காட்ட வேண்டியது அந்த நபருடைய ஆளுமையின் அமைப்பை, அதாவது நாளுக்கு நாள் மாறாமல் நிலைத்து நிற்கிற குணப்போக்கை. குடும்பத்தைக் குலைக்கிற தெளிவான செயல்களில் அது வெளிப்பட்டிருக்க வேண்டும். அந்த அமைப்பு இருக்கும்வரை அவரால் திருமணக் கடமைகளைப் புரிந்துகொள்ளவும் நிறைவேற்றவும் முடியாது என்று ஆக வேண்டும். இதை யார் சொல்லலாம்? திருமணத்துக்கு முன்பே அவரைப் பார்த்துப் பழகிய சாதாரண மனிதர்கள் சொல்லலாம். நாத்தனார் சொல்லலாம், பால்ய சிநேகிதன் சொல்லலாம். அவர்கள் கண்டதைச் சொல்லட்டும், அதிலிருந்து இயலாமை தெரிகிறதா என்று நீதிபதி முடிவு செய்வார்.

'தீர்க்க முடியாதது' என்ற பழைய நிபந்தனையையும் மருத்துவத்திலிருந்து பிடுங்கிச் சட்டத்தில் நட்டது. குணமாகுமா ஆகாதா என்று இனி கேட்க வேண்டாம். இந்தக் குறிப்பிட்ட துணையோடு, இந்த இரண்டு ஆளுமைகளும் ஒன்றுக்கொன்று முற்றிலும் ஒவ்வாமல், முறிவைத் தவிர வேறு முடிவே இல்லாத அளவுக்கு நிலைத்துவிட்டதா என்று பார்த்தால் போதும். கடுமை வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது. முன்கோபம், அவ்வப்போது வருகிற மூட் மாற்றம், சின்னச் சின்னக் குணக்கோணல்கள் இதில் சேரா. வேர் திருமணத்துக்கு முன்பே இருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. அது சட்டத்தின் வாசகத்திலேயே இருப்பதால் நீதிமன்றம் எடுக்கவும் முடியாது.

போதைப் பழக்கம் பற்றிய பகுதி தனியாகப் பார்க்க வேண்டியது. குடும்பச் சட்டத்தில் போதைப் பழக்கத்துக்கு வேறு இடங்களும் உண்டு. கல்யாணத்தின்போது மறைத்திருந்தால் மோசடி என்று சொல்லித் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் தெரியவந்த ஐந்து ஆண்டுக்குள் கேட்டாக வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறம் வந்த பழக்கம் என்றால் நீதிமுறைப் பிரிவுக்குக் காரணமாகும். அப்படியானால் 36-ஆம் பிரிவில் அதற்கு என்ன வேலை? பழக்கமே இயலாமை அல்ல, ஆனால் உள்ளே இருக்கிற இயலாமை வெளியே காட்டும் முகமாக அது இருக்கலாம் என்றது நீதிமன்றம். இந்த மனிதர் குடித்ததோ புகைத்ததோ முக்கியமில்லை. மனைவியும் மகளும் தன் வாழ்க்கையில் இருக்கிறார்கள் என்ற உணர்வு எந்தக் கட்டத்திலும் அவரைத் தடுத்து நிறுத்தவில்லை என்பதுதான் முக்கியம்.

மகளுக்குச் செய்யாத கடமையைக் கணக்கில் எடுக்கலாமா என்ற கேள்வியும் வந்தது. எடுக்கலாம் என்றார்கள். ஆனால் பிள்ளையைக் கவனிக்காத எல்லா அப்பாக்களும் இதில் வர மாட்டார்கள். அந்தத் தவறு, துணையாக இருக்கிற திறனே இல்லை என்பதைக் காட்டினால்தான்.

மருத்துவருடைய சாட்சியத்தை என்ன செய்தார்கள்? தூக்கிப் போடவில்லை. நிபுணர் கட்டாயம் இல்லை என்று சொன்னார்கள், வரக் கூடாது என்று சொல்லவில்லை. கணவரை நேரில் பார்க்கவில்லை என்பதற்காக மட்டும் அவர் சொன்னதை ஒதுக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தைத் திருத்தினார்கள். அந்தக் கைப்பட எழுதிய தாள் இங்கே கைகொடுத்தது. திருமணம் தொடக்கம் முதலே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. குடியிருந்த இரட்டை வீட்டின் பாதியில் கணவருக்குப் பங்கு கிடையாது, அதில் அவர் பங்களிப்பு எதுவும் இல்லை என்றும் சொன்னார்கள்.

எனக்கு நிம்மதி தந்ததும் தராததும்

நோயின் பெயரைச் சட்டத்திலிருந்து எடுத்தது பெரிய காரியம். நார்சிசம் என்றோ சமூகவிரோதி என்றோ ஒரு முத்திரை, அரசு ஆவணத்தில், பிள்ளைகள் பின்னால் படிக்கக் கூடிய இடத்தில் பதிவாவது சாதாரண விஷயமா? சிகிச்சை கொடுக்க வைத்திருக்கிற சொற்கள் அவை. அவற்றைத் திருமணத்தை உடைக்கிற கடப்பாரையாகப் பயன்படுத்தியதில், உண்மையிலேயே அந்த நோய் இருந்து குடும்பத்தை நன்றாக நடத்துகிறவர்களுக்கும் அவமானம். மனநோய் இருக்கிறவரால் குடும்பம் நடத்த முடியாது என்ற எண்ணம் ஒவ்வொரு தீர்ப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. 2021 தீர்ப்பு அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. இதற்காகவே இந்தத் தீர்ப்பைக் கொண்டாடலாம்.

ஆனால் அதே தீர்ப்பு சான்றின் அளவை உயர்த்தியது. சாதாரண உரிமையியல் வழக்கில் யார் பக்கம் சாட்சியம் கனமோ அவர் ஜெயிப்பார். இங்கே அது போதாது, 'தெளிவான, நம்பத்தக்க சான்று' வேண்டும் என்றது. குற்ற வழக்கு அளவுக்குப் போகாது, ஆனால் நடுவில் ஒரு படி மேலே. திருமணம் செல்லும் என்பதே சட்டத்தின் அனுமானம், அதை உடைக்கக் கூடுதல் பலம் வேண்டும் என்ற நியாயம் புரிகிறது. 1987 அரசமைப்புச் சட்டமும் திருமணத்தை மீற முடியாத சமூக நிறுவனம் என்றுதான் சொல்கிறது. இருந்தாலும் டாக்டரை அழைத்துவரக் காசில்லாத பெண்ணுக்கு ஒரு கையில் கொடுத்து இன்னொரு கையில் கொஞ்சம் வாங்கிக்கொண்ட மாதிரிதான் இருக்கிறது. அதற்குப் பிறகும் உச்ச நீதிமன்றம் வரை போன மனுக்கள் தள்ளுபடியாகியிருக்கின்றன.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. 'இந்தத் துணையோடு ஒத்துவராத ஆளுமை' என்பது உறவைப் பற்றிய பேச்சு. இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்து பார்த்த பிறகுதான் அது தெரியும். 'தொடக்கம் முதலே செல்லாது' என்பதோ அந்த வாழ்க்கையே நடக்கவில்லை என்று சொல்வது. வாழ்ந்து பார்த்து உடைந்ததை, வாழவே இல்லை என்ற பெயரில்தான் முடிக்க முடிகிறது. விவாகரத்து என்றால், இருந்தது, முடிந்தது என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் இல்லாத நாட்டில், உண்மையான முறிவைச் சொல்ல வந்த பெண் கல்யாணத்துக்கு முந்தைய காலத்தைத் தோண்டியாக வேண்டியிருக்கிறது. அப்போதே இவர் இப்படித்தான், எனக்குத்தான் தெரியவில்லை என்று சொல்லியாக வேண்டும். கணவர் கல்யாணத்துக்குப் பிறகு மாறிப்போனவர் என்றால் 36-ஆம் பிரிவு அவளுக்கு உதவாது. பத்து வருஷம் நல்லவராக இருந்து பதினோராம் வருஷம் அடிக்க ஆரம்பித்தவரின் மனைவிக்கு இந்தத் தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று தேடினேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

சட்டம் எழுதியவர்கள் ஒரு விஷயத்தில் கருணையோடு இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை முறைப்படி பிறந்த பிள்ளை ஆகாது என்பது பொது விதி. 36-ஆம் பிரிவுக்கு 54-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. திருமணம் இல்லை என்று ஆனாலும் பிள்ளைகளின் தகுதி போகாது.

தமிழ் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்த 1095-ஆம் விதி புதிதல்ல. நம் மறைமாவட்டத் தீர்ப்பாயங்களிலும் இதே விதியின் பேரில் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வாங்குகிறவர்கள் உண்டு. அதை வாங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து மறுமணத்துக்கு நாள் பார்ப்பவர்களும் உண்டு. அது ஆபத்து. திருச்சபைத் தீர்ப்பாயம் ரத்து செய்தாலும் அரசின் சட்டப்படி திருமணம் அப்படியே இருக்கிறது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இலேயே சொல்லிவிட்டது. குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்தோ ரத்தோ வாங்காமல் இரண்டாவது கல்யாணம் செய்தால் அது செல்லாது, வழக்கும் வரலாம். பிலிப்பைன்ஸிலும் இதே நிலைதான். திருச்சபையிலிருந்து கடன் வாங்கிய விதியை வைத்துக்கொண்டே, திருச்சபையின் தீர்ப்பை அரசு ஏற்பதில்லை. அங்கேயும் இங்கேயும் இரண்டு அலுவலகம் ஏறி இறங்க வேண்டும்.

2024 மே 22-இல் பிலிப்பைன்ஸ் பிரதிநிதிகள் சபை விவாகரத்து மசோதாவை மூன்றாம் வாசிப்பில் நிறைவேற்றியது. செனட் அதை எடுத்து முடிக்கவில்லை. நாடாளுமன்றத்தின் காலம் முடிந்ததும் மசோதாவும் போயிற்று. மறுபடி கொண்டுவந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மனைவி மனு போட்டபோது மகளுக்கு ஏழு வயது. அப்பாவும் அம்மாவும் அவளுக்காக வாதாடிய வழக்கும் இந்த வழக்கோடு சேர்ந்தே மூன்று நீதிமன்றம் ஏறியது. யாரிடம் அவள் வளர வேண்டும் என்று முடிவு சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு முறை வந்தபோது, அவளுக்குப் பதினெட்டு வயது நிறைந்து ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகியிருந்தது. பெரியவளாகிவிட்டதால் அந்தக் கேள்வியில் தீர்ப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று நீதிமன்றம் எழுதியது.